நேரம் வைத்தும் நிற்காத வீட்டுக் கணினி: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

வீடுகளுக்கு நேரில் போய்க் கணினி பழுதுபார்ப்பது என் வேலை. ஜூனில் பள்ளி திறந்த பிறகும் அரையாண்டு விடுமுறை முடிந்த பிறகும் ஒரே புகார் திரும்பத் திரும்ப வரும்: "பிள்ளைக்கு தினமும் ஒரு மணி நேரம்னு வச்சிருந்தோம். கம்ப்யூட்டர் நிக்கவே மாட்டேங்குது." சில வீடுகளில் நேர்மாறு. வீட்டுப்பாடம் பாதியில் இருக்கும்போது பூட்டிக்கொள்கிறது என்பார்கள். இரண்டுக்கும் புதுக் கணினி வாங்க வேண்டியதில்லை.

கீழே உள்ளவை விண்டோஸ் 10 அல்லது 11 கணினியில், பிள்ளைகளின் திரை நேரத்தைக் கட்டுப்படுத்தும் மைக்ரோசாஃப்ட் ஃபேமிலி சேஃப்டி செயலி மூலம் நேரம் வைத்திருக்கும் வீடுகளுக்கு. உங்கள் வீட்டில் எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். செலவில்லாத காரணம் முதலில், காசு கேட்கும் காரணம் கடைசியில். வரிசை மாற்றாமல் பாருங்கள்.

## அறிகுறி 1: நேரம் முடிந்தும் கணினி ஓடிக்கொண்டே இருக்கிறது

### யாருடைய கணக்கு திறந்திருக்கிறது?

பிள்ளை விளையாடிக்கொண்டிருக்கும்போதே ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி, அங்கே யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அப்பா பெயரோ அம்மா பெயரோ இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. நேர வரம்பு பிள்ளையின் கணக்கோடு கட்டப்பட்டது, பெட்டியோடு அல்ல. பெரியவர்கள் கணக்கில் உட்கார்ந்தால் விடியவிடிய ஓடும். நான் போகும் வீடுகளில் பெரும்பாலும் பழுது இந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது.

பிள்ளைக்குப் பின் எண் எப்படித் தெரிந்தது என்று பலர் வியப்பார்கள். வண்டி எண், பிறந்த ஆண்டு, ஏடிஎம் எண் என்று வைத்திருப்போம், அதையும் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே தட்டியிருப்போம். செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், அதற்குள் சைன்-இன் ஆப்ஷன்ஸ் போய்ப் பின்னை மாற்றுங்கள். நான்கு இலக்கம் வேண்டாம், ஆறு இலக்கமாவது இருக்கட்டும்.

கைரேகையில் திறக்கும் மடிக்கணினி என்றால் இன்னொன்றும் செய்ய வேண்டும். ஒரு கணக்கில் ஒன்றுக்கு மேற்பட்ட விரல்களைப் பதிய முடியும். பின் தெரிந்திருந்த காலத்தில் பிள்ளை தன் விரலையும் உங்கள் கணக்கில் பதிந்திருக்கலாம். பின்னை மட்டும் மாற்றினால் அந்த விரல் அப்படியே நிற்கும். அதே பக்கத்தில் கைரேகையை முழுவதும் நீக்கிவிட்டு, உங்கள் விரலை மட்டும் புதிதாகப் பதியுங்கள். மூன்று முறை பின் மாற்றியும் பயனில்லை என்று என்னைக் கூப்பிட்ட ஒரு வீட்டில் நடந்தது இதுதான்.

### கடைக்காரர் விட்டுப்போன கணக்கு

விண்டோஸ் போட்டுத் தரும்போது 'அட்மின்' அல்லது 'யூசர்' என்று ஒரு கணக்கைக் கடவுச்சொல் இல்லாமல் விட்டுவிடுவது வழக்கம். கணினியைப் பூட்டினால் திரையின் இடது ஓரத்தில் எல்லாக் கணக்குகளின் பெயர்களும் வரும். உங்களுக்குத் தெரியாத பெயர் இருந்தால் அதற்குக் கடவுச்சொல் வையுங்கள். உள்ளே யாருடைய கோப்பும் இல்லை என்று திறந்து பார்த்து உறுதி செய்த பிறகு நீக்கலாம்.

### பிள்ளையின் கணக்கே நிர்வாகியாக இருக்கிறதா?

பிள்ளையின் கணக்குக்குக் கீழே அட்மினிஸ்ட்ரேட்டர் என்று எழுதியிருந்தால், உங்கள் கணக்கிலிருந்து அதை ஸ்டாண்டர்டு யூசராக மாற்றுங்கள். நிர்வாகியாக இருக்கும் பிள்ளையால் கடிகாரத்தை மாற்ற முடியும், புதிய கணக்கு தொடங்க முடியும். மாற்றும் முன், நிர்வாகி உரிமையுள்ள வேறொரு கணக்கு உங்கள் கையில் இருக்கிறதா, அதன் கடவுச்சொல் நினைவில் இருக்கிறதா என்று ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துவிடுங்கள்.

### மின்னஞ்சல் இல்லாத கணக்கா?

ஃபேமிலி சேஃப்டிக்குப் பிள்ளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைய வேண்டும். கணினியில் மட்டும் இருக்கும் உள்ளூர்க் கணக்கு என்றால், கைபேசி செயலியில் நீங்கள் என்ன நேரம் வைத்தாலும் இந்தக் கணினிக்கு அது வந்து சேராது. அக்கவுண்ட்ஸில் 'யுவர் இன்ஃபோ' பக்கத்தில் பிள்ளையின் மின்னஞ்சல் தெரிகிறதா பாருங்கள். 'வெரிஃபை' என்று கேட்டுக்கொண்டிருந்தால் அதையும் முடித்துவிடுங்கள். அப்புறம் உங்கள் கைபேசியில், பிள்ளையின் பெயருக்குக் கீழே இந்தக் கணினி வந்திருக்கிறதா என்று சரிபாருங்கள்.

### ஒரே மடிக்கணினிக்குள் இரண்டு இயங்குதளம்

தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பல கருவிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸ் என்ற இன்னோர் இயங்குதளமும் சேர்ந்தே இருந்தன. அக்கா பிளஸ் டூவில் வாங்கியதைத் தம்பி இன்று பயன்படுத்தும் வீடுகள் நிறைய. விண்டோஸில் வைத்த நேரம் லினக்ஸுக்குத் தெரியாது. கணினி ஏறும்போது எதைத் திறப்பது என்று ஒரு பட்டியல் வந்தால், லினக்ஸ் கணக்கின் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். தேவையில்லை என்று லினக்ஸ் பகுதியை நீங்களே அழித்துவிடாதீர்கள். தொடக்கப் பட்டியல் அந்தப் பகுதியில்தான் இருக்கும். அது போனால் விண்டோஸும் ஏறாது.

எல்லாம் மாற்றிய பின் ஒரு சோதனை. இன்றைய நேரத்தை அரை மணியாகக் குறைத்துவிட்டு, பிள்ளையின் கணக்கில் நீங்களே உட்கார்ந்து பாருங்கள். உங்கள் கண்முன்னே ஒருமுறை பூட்டட்டும். அதன் பிறகு சரியான நேரத்தை வையுங்கள்.

## அறிகுறி 2: கிழமையும் நேரமும் தவறிப் பூட்டுகிறது

காலை பத்து மணிக்கு "உன் நேரம் முடிந்தது" என்கிறது, இரவு பதினொன்றுக்குத் திறந்துவிடுகிறது. முதலில் செயலியில் காலையும் மாலையும் மாறிப் பதிவாகியிருக்கிறதா பாருங்கள். ஃபேமிலி சேஃப்டியில் மொத்தம் எவ்வளவு நேரம் என்பது ஒன்று, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்பது இன்னொன்று. இரண்டு மணி நேரம் கொடுத்துவிட்டு, ஏழிலிருந்து எட்டு வரை மட்டும் திறந்து வைத்தால் கிடைப்பது ஒரு மணி நேரம்தான்.

அடுத்து நேர மண்டலம். கணினியில் மணியை மாற்ற நிர்வாகி உரிமை வேண்டும். நேர மண்டலத்தைச் சாதாரணக் கணக்கிலிருந்தே மாற்றிவிட முடியும். 'சென்னை, கொல்கத்தா, மும்பை, நியூடெல்லி' என்று +05:30 தெரிய வேண்டும்.

இரண்டும் சரி, ஆனால் ஒவ்வொரு நாள் காலையும் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய் நிற்கிறது என்றால், மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது. மேசைக் கணினியில் பெரும்பாலும் சிஆர் 2032, 3 வோல்ட். இரவில் சுவர் சுவிட்சையும் அணைத்துவிடும் வீடுகளில் இது சீக்கிரம் தீரும். மின்சாரம் இருக்கும் வரை உள்ளே இருக்கும் கடிகாரம் அதில் ஓடும். சுவிட்சை அணைத்தால் இந்தச் சிறு பேட்டரியில்தான் ஓட வேண்டும். கூடவே, எந்த இணையதளத்தைத் திறந்தாலும் "இணைப்பு பாதுகாப்பானது அல்ல" என்று வரும். இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் பேட்டரிதான், நம்பி மாற்றலாம். கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். யாராவது மதர்போர்டு போய்விட்டது என்று சொன்னால், இதை மாற்றிப் பார்க்காமல் சம்மதிக்காதீர்கள்.

## அறிகுறி 3: வீட்டுப்பாடத்தின் நடுவே பூட்டிக்கொள்கிறது

பள்ளிக் குழுவில் வாட்ஸ்அப்பில் வந்த பிடிஎஃப்பைப் படிக்கவும் அதே ஒரு மணி நேரம், விளையாடவும் அதே ஒரு மணி நேரம் என்று வைத்திருப்பார்கள். பிள்ளை முதலில் விளையாடும், அப்புறம் பாடத்துக்கு நேரம் இருக்காது. கணினி முழுவதற்குமான வரம்பைத் தளர்த்திவிட்டு, விளையாட்டுச் செயலிகளுக்கு மட்டும் தனித்தனியாக நேரம் வையுங்கள். உலாவிக்குள்ளேயே ஓடும் விளையாட்டுகள் இதில் தப்பிவிடும். அந்தத் தளங்களைத் தடைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். இணையத்தள வடிகட்டி எட்ஜ் உலாவியில்தான் வேலை செய்யும் என்பதால், மற்ற உலாவிகளை அனுமதித்து வைக்காதீர்கள். கைபேசி விளையாட்டுகளைக் கணினியில் ஓட்டும் ஆண்ட்ராய்டு எமுலேட்டர் போட்டு விளையாடினால், விளையாட்டின் பெயரைத் தேடினால் கிடைக்காது. எமுலேட்டருக்கே நேரம் வையுங்கள்.

நேரம் சீக்கிரம் தீர்கிறது என்று பிள்ளை சொன்னால் பொய் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உள்நுழைந்து, திரையை அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போனால் அந்த அரை மணியும் கணக்கில் ஏறும். எழுந்திருக்கும்போது விண்டோஸ் பொத்தானோடு எல் எழுத்தை அழுத்திப் பூட்டிவிட்டுப் போகப் பழக்குங்கள்.

"கூடுதல் நேரம் கேட்டேன், அம்மா கொடுக்கவில்லை" என்பதும் பல நேரம் உண்மைதான், ஆனால் கேட்டதே அம்மாவுக்கு வந்து சேர்ந்திருக்காது. கைபேசியின் பேட்டரி சேமிப்பு அந்தச் செயலியைத் தூங்க வைத்திருக்கும். அந்தக் கட்டுப்பாட்டிலிருந்து ஃபேமிலி சேஃப்டியை விடுவித்து, அறிவிப்பு வர அனுமதியுங்கள்.

## அறிகுறி 4: கணினி நின்றது, விளையாட்டு நிற்கவில்லை

கணினியில் நேரம் முடிந்ததும் பிள்ளை தாத்தாவின் கைபேசிக்குப் போய்விட்டால், அது கணினிப் பழுது அல்ல. கூகுளின் இதே போன்ற செயலியான ஃபேமிலி லிங்கின் நேர வரம்பு ஆண்ட்ராய்டுக்கும் குரோம்புக்குக்கும்தான். விண்டோஸ் கணினியை அது பூட்டாது. ஃபேமிலி சேஃப்டி விண்டோஸைப் பூட்டும். பிள்ளை கையில் எடுக்கும் தாத்தாவின் கைபேசியை அது என்ன செய்யும்? இரண்டையும் வைக்க வேண்டியிருக்கும். தாத்தாவின் கைபேசிக்குத் திரைப்பூட்டு வைத்து, அவருக்கு அதைப் பழக்கித் தருவதும் சேர்ந்ததுதான் வேலை.

ரவுட்டரில் நேரம் வைத்து இணையத்தை நிறுத்தும் வீடுகளுக்கு மூன்று இடம். ஒன்று, ரவுட்டர் ஒரு கருவியை அடையாளம் காண்பது அதன் 'மேக்' முகவரியை வைத்துத்தான். ஒரே மடிக்கணினிக்கு வைஃபைக்கு ஒரு முகவரி, கேபிளுக்கு வேறு முகவரி. ஒன்றைத் தடுத்தால் மற்றது திறந்தே இருக்கும். இரண்டு, கைபேசிகளும் சில கணினிகளும் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு தற்காலிக முகவரியைக் காட்டும். உங்கள் வீட்டு வைஃபைக்கு மட்டும் அந்த வசதியை அணைத்துவிட்டு, உண்மையான முகவரியை ரவுட்டரில் பதியுங்கள். மூன்று, ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் இருக்கும், ரவுட்டர் அமைப்புக்குள் நுழையும் அதே கடவுச்சொல் இன்னும் மாறாமல் இருக்கும். இதை மாற்றாமல் மற்ற இரண்டையும் செய்து பயனில்லை.

அம்மாவின் கைபேசியில் ஹாட்ஸ்பாட் இயங்குகிறதா என்றும் ஒரு பார்வை.

## அறிகுறி 5: பூட்டும் நேரம் வந்தாலே வீட்டில் சண்டை

எனக்கு வரும் அழைப்புகளில் என்னை மிகவும் வருத்துவது இது. கணினி சரியாக வேலை செய்யும், வரம்பும் சரியாகப் பூட்டும். பூட்டும் நொடியில் பிள்ளை கத்தும், விசைப்பலகையைத் தட்டும், சாப்பிடாமல் படுக்கும். ஒரு வீட்டில் எட்டாம் வகுப்புப் பையன் எழுந்திருக்க மறுத்தான் என்று அப்பா போய்ச் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டார். மறுநாள் விண்டோஸ் ஏறவில்லை. அவன் பள்ளிக்காகச் செய்து வைத்திருந்த வரைபடக் கோப்பும் போனது. அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை என்று அம்மா சொன்னார். எவ்வளவு கோபம் வந்தாலும் ஓடும் கணினியின் மின்சாரத்தை நிறுத்தாதீர்கள்.

### எச்சரிக்கை பிள்ளையின் கண்ணில் படவே இல்லை

பூட்டுவதற்குச் சில நிமிடம் முன்பு விண்டோஸ் ஓர் அறிவிப்பு காட்டும். ஆனால் விளையாட்டு முழுத்திரையில் ஓடும்போது அறிவிப்புகளை மறைத்து வைப்பது விண்டோஸின் இயல்பான அமைப்பு. பிள்ளைக்குத் தெரிவது, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் திரை மூடியது மட்டும்தான். செட்டிங்ஸில் சிஸ்டம், நோட்டிஃபிகேஷன்ஸ் போனால் 'டூ நாட் டிஸ்டர்ப்' தானாக இயங்கும் நேரங்கள் இருக்கும். விண்டோஸ் 10-இல் இதற்குப் பெயர் 'ஃபோகஸ் அசிஸ்ட்'. விளையாடும்போது, முழுத்திரையில் இருக்கும்போது என்ற இரண்டையும் பிள்ளையின் கணக்கில் அணையுங்கள். அதோடு திரைக்குப் பக்கத்தில் முள் நகரும் கடிகாரம் ஒன்றை வையுங்கள். இதை எந்த விளையாட்டும் மறைக்காது.

### வரம்பு மணிக்கணக்கில், விளையாட்டு மேட்ச் கணக்கில்

"இன்னும் ஒரே ஒரு மேட்சுப்பா" என்று பிள்ளை கெஞ்சுவதைச் சாக்கு என்று மட்டும் பார்க்காதீர்கள். பலர் சேர்ந்து இணையத்தில் விளையாடுவதை நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. பாதியில் விலகினால் சேர்ந்து விளையாடும் நண்பர்களும் தோற்பார்கள், சில விளையாட்டுகளில் புள்ளியும் குறையும். கபடியில் பாடிப் போனவனைப் பாதிக் களத்தில் இழுத்து வீட்டுக்கு அழைத்துப்போவது போலத்தான் அது பிள்ளைக்கு.

ஒரு மாலை பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு மேட்ச் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். முப்பது நிமிடம் என்றால், ஏழரைக்குப் பூட்டும்படி வைத்து, ஏழு மணிக்கு மேல் புது மேட்ச் தொடங்குவதில்லை என்று பேசிக்கொள்ளுங்கள். பூட்டு கடைசிக் காவலாக இருக்கட்டும். பிள்ளை தானே எழுந்திருக்கும் நேரம் அதற்கு முன்னால் வரட்டும். இதைச் செய்த வீடுகளில் சண்டை ஒரே நாளில் போகவில்லை. ஆனால் இரண்டு வாரத்தில் சத்தம் குறைந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

### எழுந்த பிறகு எங்கே போவது?

நேரம் முடிந்து எழும் பிள்ளைக்கு அந்த நிமிடத்தில் வீட்டில் ஒன்றும் இல்லை என்றால் மறுபடியும் திரையைத்தான் பார்க்கும். பூட்டும் நேரத்தை இரவு உணவோடு, அல்லது கீழே தெருவில் பிள்ளைகள் சைக்கிள் விடும் நேரத்தோடு இணையுங்கள். தோசைக்கல் அடுப்பில் ஏறும் நேரமும் கணினி நிற்கும் நேரமும் ஒன்றாக இருந்தால் பாதி வேலை முடிந்தது.

## அறிகுறி 6: இரண்டு வாரம் நடக்கிறது, அப்புறம் கைவிட்டுப்போகிறது

கூடுதல் நேரம் கேட்கும் கோரிக்கை குடும்பக் குழுவில் இருக்கும் எல்லாப் பெரியவர்களுக்கும் போகும். அம்மா மறுத்து வைத்திருக்க, அலுவலகத்தில் இருக்கும் அப்பா யோசிக்காமல் அனுமதி தட்டிவிடுவார். பிள்ளை யாரைக் கேட்க வேண்டும் என்று மூன்றாம் நாளே கற்றுக்கொள்ளும். ஒரு வாரத்துக்கு ஒருவர்தான் அனுமதி கொடுப்பது என்று முடிவு செய்து, மற்றவர் கைபேசியில் அந்த அறிவிப்பை அணைத்துவிடுங்கள். பாட்டி தாத்தாவையும் உட்கார வைத்துப் பேசுங்கள். அவர்களுக்குத் தெரியாமல் போட்ட விதியை அவர்கள் காக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

வரம்பே நடக்காத அளவுக்குக் குறைவாக இருப்பதும் ஒரு காரணம். எவ்வளவு வைக்கலாம் என்று என்னைக் கேட்பவர்களுக்கு இந்தியன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் என்ற குழந்தை மருத்துவர் அமைப்பின் அளவைச் சொல்வேன்: 2 வயதுக்குள் திரையே வேண்டாம், 2 முதல் 5 வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, 5 முதல் 10 வரை இரண்டு மணி நேரத்துக்குள். பத்து வயதுக்கு மேல் தூக்கம், பாடம், ஓடியாடும் நேரம் மூன்றையும் முதலில் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் திரைக்குக் கொடுங்கள். நான்கு மணி நேரம் பழகிய பிள்ளையை ஒரே நாளில் ஒரு மணிக்குக் கொண்டுவராதீர்கள். வாரம் அரை மணி என்று இறக்குங்கள்.

## எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்

### பழுதுபார்ப்பவரை

மடிக்கணினியின் பயாஸ் (விண்டோஸ் ஏறுவதற்கு முன் ஓடும் அடிப்படை அமைப்பு) கடவுச்சொல் தெரியாமல் போனால் கூப்பிடுங்கள். பிள்ளை பென்டிரைவிலிருந்து வேறு இயங்குதளம் ஏற்றுகிறது என்றால் அதைத் தடுக்கப் பயாஸில் கடவுச்சொல் வைக்க வேண்டும். பழக்கமில்லாதவர்கள் தொட வேண்டாம். மடிக்கணினியில் கடிகார பேட்டரி மாற்ற உடலைத் திறக்க வேண்டும், அதுவும் கடை வேலை. ரவுட்டரை ஊசியால் அழுத்தி ரீசெட் செய்து இணையமே போய்விட்டால், இணைப்புக் கொடுத்த நிறுவனத்தைத்தான் கேட்க வேண்டும். கூப்பிடும்போது மேலே எதெதைப் பார்த்தீர்கள் என்று சொல்லிவிடுங்கள். வருகிறவர் அதையே மறுபடி பார்க்காமல் இருப்பார், உங்களுக்கும் கூலி குறையும்.

### மருத்துவரை

தலைவலி, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது, திரைக்கு மிக அருகில் உட்காருவது இருந்தால் நேரத்தைக் குறைப்பதோடு நிற்காமல் கண் பரிசோதனைக்கு அழைத்துப்போங்கள்.

நேரம் வைத்த பிறகு பிள்ளை பல நாள் தூங்காமல் இருந்தால், பள்ளிக்குப் போக மறுத்தால், நண்பர்களையும் பிடித்த விளையாட்டையும் விட்டுவிட்டால், வீட்டில் கைநீட்டினால், அமைப்பை இறுக்கிக்கொண்டே போகாதீர்கள். கணினி விளையாட்டை விட முடியாத நிலையை உலக சுகாதார நிறுவனம் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதைக் கண்டறிவது மனநல மருத்துவரின் வேலை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல மருத்துவமனையில் இதற்கென்றே 'ஷட்' என்ற தனி கிளினிக் 2014 முதல் நடக்கிறது.

கோபத்தில் சொன்னாலும் சரி, "செத்துப்போவேன்" என்று பிள்ளை சொன்னால் அன்றே உதவி தேடுங்கள். தனியாக விடாதீர்கள், அந்த நேரத்தில் கணினி நேரத்தைப் பற்றி வாதாடாதீர்கள். அரசின் மனநல உதவி இணைப்பான டெலி மானஸ் எண் 14416, இரவு பகல் எந்நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம், தமிழில் பேசலாம். பிள்ளை பேச மறுத்தால் முதல் அழைப்பை நீங்களே பேசுங்கள்.